சராசரி வயது 63: ஒரு மருந்துச் சோதனையும் மலையில் ஓர் அக்காவும்

ஜனவரி மாதம், நீலகிரியில் கேத்திப் பக்கம், காலை ஏழரை மணி. புல்லில் உறைபனி இன்னும் கரையவில்லை. தேயிலை பறிக்கப் போகிற பெண்கள் சுவெட்டருக்கு மேல் சுவெட்டர் போட்டு, தலையைக் கம்பளித் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு மேடு ஏறுகிறார்கள். எங்கள் எதிர்வீட்டு அக்கா மட்டும் பாதி மேட்டில் நின்று சுவெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்கிறார். கழுத்தும் முகமும் சிவந்து, மேலுதட்டில் முத்து முத்தாக வேர்வை. இரண்டு மூன்று நிமிடம்தான். அப்புறம் அந்த ஈரத்தில் காற்றுப் பட்டு உடம்பு வெடவெடக்கும். மறுபடியும் சுவெட்டர். “எனக்கு மட்டும் சித்திரை மாசம் வந்து வந்து போகுது கண்ணு” என்பார். வயது 44.

இந்த வேர்வைக்குக் காரணம் மூளையின் அடிப்பகுதியில் இருக்கிறது. ஹைப்போதலாமஸ் என்ற இடம்தான் உடம்பின் சூட்டைச் சீராக வைத்திருக்கிறது. அங்கே ஒரு சின்ன நரம்பணுக் கூட்டம் உண்டு. சினைப்பையில் சுரக்கும் எஸ்ட்ரோஜன் ஹார்மோன் அதைத் தட்டி அடக்கி வைத்திருக்கும். எஸ்ட்ரோஜன் இறங்கியதும் அந்த அணுக்கள் பருத்துவிடுகின்றன. மாதவிடாய் நின்ற பெண்களின் மூளையில் அவை பருத்திருப்பதைக் காட்டியவர் அமெரிக்க ஆய்வாளர் நவோமி ரான்ஸ். அடக்க ஆளில்லாமல் போன அந்தக் கூட்டம், உடம்புச் சூடு துளி ஏறினாலும் ‘கொதிக்கிறது, ஆற்று’ என்று உத்தரவு போடும். ரத்தக் குழாய்கள் விரிந்து, முகம் சிவந்து, வேர்வை கொட்டும். மற்றவர்களுக்குக் கொஞ்சம் சூடு ஏறினாலும் இறங்கினாலும் உடம்பு தாங்கிக்கொள்ளும். இவர்களுக்கு அந்த இடைவெளி சுருங்கிப்போய்விடுகிறது. மேடு ஏறினால் யாருக்குமே சூடு கொஞ்சம் ஏறத்தான் செய்யும். அக்காவுக்கு அதுவே போதும். வெளியே எத்தனை குளிர் என்பது இதில் ஒரு பொருட்டே இல்லை.

சரி, 44 வயதில் ஏன் இவ்வளவு கடுமையாக? நம் நாட்டில் மாதவிடாய் நிற்பது மேலைநாடுகளைவிடச் சீக்கிரம்தான். இந்திய மெனோபாஸ் சங்கம் நாடு தழுவி எடுத்த கணக்கில் சராசரி வயது 46.2. அமெரிக்காவில் 51 வாக்கில். ஆனால் அக்கா விஷயம் வேறு. அவருடைய தகரப் பெட்டியில் ரேஷன் கார்டோடு ஒரு பிளாஸ்டிக் கவரில் பழைய டிஸ்சார்ஜ் தாள் ஒன்று இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன், ரத்தப்போக்கு அதிகமென்று கீழே சமவெளியில் ஒரு மருத்துவமனையில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். “கர்ப்பப்பை மட்டும்தான் எடுத்தாங்க” என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருந்தார். தாளில், மடிப்பில் மை அழிந்த வரியில், டி.ஏ.எச். என்று எழுதி அதோடு பி.எஸ்.ஓ. என்று மூன்று எழுத்து. முதலாவது கர்ப்பப்பை நீக்கம். இரண்டாவது, இரண்டு சினைப்பைகளையும் சினைக்குழாய்களோடு நீக்கியது.

38 வயதில் ஒரே நாளில் எஸ்ட்ரோஜன் நின்றுபோயிருக்கிறது. இயற்கையாக நிற்கும்போது அது சில வருஷம் ஏறி இறங்கித் தள்ளாடி ஓயும். உடம்பு பழகிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். அறுவையில் எடுத்தால் அந்த அவகாசம் கிடையாது. இது வெறும் வேர்வைப் பிரச்சினையும் அல்ல. அமெரிக்கச் செவிலியர்களை வருஷக்கணக்காகத் தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. அதில் கர்ப்பப்பை எடுத்துக்கொண்ட 29,380 பேரை 24 வருஷம் கவனித்து 2009-ல் முடிவு வெளியிட்டார்கள். சினைப்பையையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு மார்பக, சினைப்பைப் புற்றுநோய் குறைந்தது உண்மை. ஆனால் இதய நோயும் மொத்த இறப்பும் கூடியிருந்தன. எந்த வயதில் எடுத்திருந்தாலும் அதனால் ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை. நல்ல நிலையில் இருக்கும் சினைப்பையை ‘எப்படியும் திறந்தாச்சு, இதையும் எடுத்துடலாம்’ என்று எடுப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது இதிலிருந்து புரியும். எடுத்தே ஆக வேண்டிய காரணமும் சிலருக்கு இருக்கும். குடும்பத்தில் சினைப்பைப் புற்றுநோய் ஓடுவது அப்படி ஒன்று. அப்போதும் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி, 15 முதல் 49 வயதுக்குள் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட பெண்கள் நூற்றுக்கு 3 பேருக்கு மேல். அவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் சினைப்பை இருக்கிறதா இல்லையா என்று தெரியும்?

இப்படி இளவயதிலேயே சினைப்பையை இழந்தவர்களுக்கு, அது கொடுத்துவந்த எஸ்ட்ரோஜனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், குறைந்தது மாதவிடாய் இயல்பாக நிற்கும் வயது வரைக்குமாவது என்பதுதான் மருத்துவச் சங்கங்களின் பொதுவான பரிந்துரை. அக்காவுக்கு ஒருவரும் கொடுக்கவில்லை. ஒரு கிளினிக்கில் கேட்டதற்கு, “ஹார்மோன் மாத்திரை கேன்சர் வரவைக்கும், வேண்டாம்” என்றார்களாம். இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க 2002-க்குப் போக வேண்டும்.

அதற்கு முன் பல பத்தாண்டுகளாக அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரைகளைத் தாராளமாக எழுதிக் கொடுத்துவந்தார்கள். சினையான குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த எஸ்ட்ரோஜன் மாத்திரைக்கு அங்கே 1942-லேயே அனுமதி கிடைத்திருந்தது. மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு மாரடைப்பு குறைவு என்று கவனிப்பு ஆய்வுகள் சொன்னதால், இதயத்தைக் காக்கும் மருந்து என்றே பேர் வாங்கியது. ஆனால் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டவர்கள் பெரும்பாலும் வசதியும் படிப்பும் உள்ளவர்கள். டாக்டரிடம் ஒழுங்காகப் போகிறவர்கள். அவர்களுக்கு நோய் குறைந்தது மாத்திரையாலா, வசதியாலா? இதைப் பிரித்தறியச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோலப் பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்து, மறு பாதிக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை என்று கொடுத்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் பெண்கள் நல முன்முயற்சி என்ற பெயரில் அதைச் செய்தது. எஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரைச் சோதனையில் 16,608 பெண்கள்.

எட்டரை வருஷம் நடக்க வேண்டியதை, சராசரியாக 5.2 வருஷத்தில், 2002 ஜூலையில் நிறுத்தினார்கள். ‘மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் அதிகம்’ என்ற செய்தி உலகம் முழுக்கப் போனது. பெண்கள் மாத்திரையை ஒரே நாளில் விட்டார்கள். மருத்துவர்கள் எழுதுவதை விட்டார்கள். பயிற்சியில் இருந்த இளம் மருத்துவர்கள் அதைப் படிப்பதையே விட்டார்கள் என்றுகூடச் சொல்வேன்.

அந்த 26-ஐக் கொஞ்சம் அவிழ்த்துப் பார்க்கலாம். மாத்திரை சாப்பிடாத 10,000 பெண்களில் ஒரு வருஷத்தில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. சாப்பிட்டவர்களில் 38 பேருக்கு. கூடுதல் 8 பேர். மாரடைப்பு வகையில் கூடுதல் 7, பக்கவாதம் 8, நுரையீரல் ரத்தக்கட்டி 8. இன்னொரு பக்கம் இடுப்பெலும்பு முறிவு 5 குறைவு, பெருங்குடல் புற்றுநோய் 6 குறைவு. எட்டு பேர் என்பது சின்ன எண் என்று நான் சொல்லவில்லை. அந்த எட்டில் ஒருத்தியாக நம் வீட்டுப் பெண் இருந்தால் அது முழு எண்தான். ஆனால் ‘26 சதவீதம்’ என்று கேட்டால் நூறில் 26 பேருக்கு வரும் என்று மனசு கணக்குப் போட்டுவிடுகிறது. அது வேறு, இது வேறு.

அதைவிட முக்கியமான எண் ஒன்று செய்தித்தாளில் பெரிய எழுத்தில் வரவில்லை. சோதனையில் சேர்ந்தவர்கள் 50 முதல் 79 வயது வரை உள்ளவர்கள். சராசரி 63. மூன்றில் இரண்டு பேர் அறுபதைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். அதாவது பெரும்பாலோருக்கு மாதவிடாய் நின்று பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ரத்தக் குழாய்களில் ஏற்கெனவே கொழுப்பு படிந்திருக்கக்கூடிய வயது. பின்னால் வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது படம் மாறியது. அறுபதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து வருஷத்துக்குள், வேறு தடை இல்லாத பெண்கள் தொடங்கினால் தீமையைவிட நன்மை கூடுதல் என்பது இப்போது பெரும்பாலான மெனோபாஸ் சங்கங்களின் நிலை.

கர்ப்பப்பை எடுத்தவர்களுக்காகத் தனியாக ஒரு சோதனையும் நடந்தது. அவர்களுக்குப் புரோஜெஸ்டின் தேவையில்லை. கர்ப்பப்பையின் உட்சுவரைக் காக்கத்தான் அது. 10,739 பெண்களுக்கு எஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்துப் பார்த்ததில், பக்கவாதம் கூடியதால் 2004-ல் நிறுத்தினார்கள். ஆனால் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. இருபது வருஷம் தொடர்ந்து 2020-ல் கணக்குப் பார்த்தபோது, எஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களிடம் அது வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. ஆக, 63 வயது சராசரியில், இரண்டு ஹார்மோன் சேர்ந்த ஒரு குறிப்பிட்ட மாத்திரையில் கிடைத்த முடிவை எடுத்து, 38 வயதில் கர்ப்பப்பையும் சினைப்பையும் இல்லாமல் நின்ற ஒரு பெண்ணின் கேள்விக்கு விடையாகச் சொல்லியிருக்கிறார்கள். வயதும் வேறு, மருந்தும் வேறு, உடம்பும் வேறு. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம் இந்த மருந்துகளின் மேல் கறுப்புக் கட்டம் போட்டு அச்சடித்துவந்த எச்சரிக்கையில் பெரும்பகுதியை நீக்கப்போவதாக அறிவித்தது. எல்லாருக்கும் பாதுகாப்பு என்று அதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக்கட்டியோ பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்கள், கல்லீரல் நோயுள்ளவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள், இவர்களுக்கெல்லாம் இது பொதுவாக ஆகாது.

மலையில் பல பெண்கள் வேர்வையைப் பற்றியே சொல்வதில்லை. “கை கால் எல்லாம் இழுத்துப் பிடிக்குது”, “ஒரே அசதி”, “மூட்டு விட்டுப்போச்சு”, “ராத்திரி தூக்கம் பிடிக்க மாட்டேங்குது” என்றுதான் வருவார்கள். தெற்காசியப் பெண்களிடம் உடம்புவலி, மூட்டுவலி பெரிதாகத் தெரிவதை ஆய்வாளர்களும் கவனித்திருக்கிறார்கள். ஆனால் நடுவயதுப் பெண்களைப் பல்லாண்டு தொடர்ந்த பேர்போன அமெரிக்க ஆய்வில் 3,302 பேர் இருந்தார்கள்: வெள்ளையர், கறுப்பர், சீன, ஜப்பானிய, ஸ்பானிய வழியினர். இந்தியப் பெண்கள் அந்தப் பட்டியலில் இல்லை. சூடேறுவது சராசரி 7.4 வருஷம் நீடிக்கும் என்று இன்று எல்லாரும் சொல்லும் கணக்கு அங்கிருந்து வந்ததுதான். அதிலேயே கறுப்பினப் பெண்களுக்குப் பத்து வருஷம், ஜப்பானியப் பெண்களுக்கு ஐந்து வருஷத்துக்கும் குறைவு. அப்படியானால் கோத்தகிரிப் பெண்ணுக்கு எத்தனை வருஷம் என்று அந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது.

அசதி என்றதும் இன்னொரு சுரப்பியை நினைக்க வேண்டும்: தைராய்டு. அது குறைந்தால் அசதி, எடை கூடுதல், மனச்சோர்வு, மாதவிடாய் அதிகமாகப் போவது. அது கூடினால் படபடப்பு, வேர்வை, தூக்கமின்மை. இரண்டுமே மாதவிடாய் நிற்கும் கால அறிகுறிகளோடு கைகோத்துக்கொள்ளும். சென்னை உட்பட எட்டு நகரங்களில் 5,376 பேரிடம் நடந்து 2013-ல் வந்த ஆய்வில், கிட்டத்தட்ட 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. 46 முதல் 54 வயதினரிடம் அது 13 சதவீதத்தைத் தாண்டியது. மாதவிடாய் நிற்கும் அதே வயது. அதனால் ‘வயசாச்சு, அப்படித்தான்’ என்று அனுப்புவதற்கு முன் தைராய்டு நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது.

தைராய்டுக்கும் நம் மலைக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் 1918-ல் ஒற்றை அறையில் பெரிபெரி நோய் ஆராய்ச்சி தொடங்கிய ராபர்ட் மெக்கரிசன், அதற்கு முன் காஷ்மீருக்கு வடக்கே கில்கித் மலைகளில், தைராய்டு வீங்குவதால் வரும் கழுத்துக் கழலையை ஆராய்ந்தவர். அங்குள்ள தண்ணீரின் வண்டலைத் தானே குடித்துத் தன் கழுத்தில் வீக்கம் வருகிறதா என்று பார்த்தவர். கிருமிதான் காரணம் என்று அவர் நினைத்தார். முக்கியக் காரணம் அயோடின் குறைவு என்பது பின்னால் தெளிவானது. மழை கழுவிக்கொண்டே இருக்கும் மலை மண்ணில் அயோடின் தங்காது. இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் 1956 முதல் மருத்துவ ஆய்வாளர் ராமலிங்கசுவாமியும் கூட்டாளிகளும் ஊர்களை மூன்று பகுதியாகப் பிரித்து, இரண்டு பகுதிக்கு அயோடின் உப்பும் ஒன்றுக்குச் சாதா உப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். அயோடின் போன இடங்களில் கழலை மளமளவென்று குறைந்தது. நாம் இன்று வாங்கும் அயோடின் உப்புப் பாக்கெட்டுக்குப் பின்னால் அந்தச் சோதனை இருக்கிறது. ஆனால் நடுவயதில் வரும் தைராய்டு குறைவுக்கு இன்று பெரும்பாலும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதுதான் காரணம். உப்பை அள்ளிப் போட்டால் அது சரியாகாது, மாத்திரைதான் வேண்டும்.

மெக்கரிசனின் அந்த ஒற்றை அறை வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்துக்கு மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. இந்திய உணவுகளில் என்ன சத்து எவ்வளவு என்று முதன்முதலாக அட்டவணை போட்டதும் குன்னூர் ஆய்வுக்கூடத்தில்தான். கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். எலும்பு தேயத் தொடங்கும் வயதில் களியும் கூழும் வெறும் பழைய சாப்பாடு அல்ல. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவரும் குன்னூரில் தங்கி வேலை செய்திருக்கிறார். பம்பாயில் பஞ்சாலைத் தொழிலாளிப் பெண்களின் கர்ப்பகால ரத்தசோகையை ஆராய வந்தவர். ஈஸ்ட் சாறு அதைக் குணமாக்குகிறது என்று 1931-ல் எழுதினார். ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினுக்கு இட்டுச்சென்ற வழி அது. கூலிக்காரப் பெண்ணின் உடம்பை மையமாக வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது, அது உலகம் முழுக்கக் கர்ப்பிணிகளுக்குப் பயன்படுகிறது. இதை நினைக்கும்போது எனக்கு நிஜமாகவே பெருமையாக இருக்கிறது. நடுவயதுப் பெண்களுக்கு அப்படி ஒன்று ஏன் நம் மலையிலிருந்து வரக் கூடாது?

அக்காவின் கதை தொடங்கியதும் ரத்தப்போக்கில்தான். மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய வருஷங்களில் அது தாறுமாறாவது வழக்கம். கர்ப்பப்பையை எடுப்பதற்கு முன் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. ரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரை உண்டு. ஹார்மோனை உள்ளேயே கசியவிடும் சிறு கருவியைக் கர்ப்பப்பைக்குள் வைக்கலாம். இங்கிலாந்தில் 571 பெண்களிடம் அந்தக் கருவியையும் வழக்கமான மாத்திரைகளையும் ஒப்பிட்டு 2013-ல் வந்த முடிவில், கருவி வைத்தவர்களுக்கு அன்றாட வாழ்க்கை அதிகம் மேம்பட்டிருந்தது. தேயிலை நாட்டில் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: சாப்பாட்டோடு டீ குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். ரத்தம் போகிறவர்கள் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். அப்புறம், மாதவிடாய் முழுதாக ஒரு வருஷம் நின்ற பிறகு திரும்பவும் ஒரு சொட்டு பட்டால்கூட உடனே போய்க் காட்ட வேண்டும். அது கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாக இருக்கலாம்.

“பக்கத்து ஊர் வைத்தியர் கொடுத்த லேகியத்துல சூடு பாதி குறைஞ்சிடுச்சு” என்று ஒரு பெரியம்மா சொன்னார். பொய் சொல்லவில்லை. சூடேறுதல் பற்றிய பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கே பாதிக்கு மேல், 57.7 சதவீதம் குறைந்திருந்தது. அதனால்தான் எந்த மருந்தும், லேகியமோ மாத்திரையோ, வெற்று மாத்திரையை ஜெயித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. ஹார்மோன் அதை நன்றாகவே ஜெயித்தது. அந்தப் பருத்த நரம்பணுக்களையே நேராக அடக்கும், ஹார்மோன் அல்லாத புது மருந்து ஃபெசோலினெட்டன்ட். அமெரிக்காவில் 2023 மே மாதம் அனுமதி பெற்றது. அதன் 30 மில்லிகிராம் அளவு மேலைநாட்டுச் சோதனைகளில் வெற்று மாத்திரையை ஜெயித்தது. சீனா, கொரியா, தைவான் பெண்களிடம் நடந்த சோதனையிலோ பன்னிரண்டு வாரத்தில் ஜெயிக்கவில்லை. ஓரிடத்தில் கிடைத்த முடிவை இன்னோரிடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதற்கு இதைவிடக் கண்ணெதிர்ச் சான்று வேண்டுமா?

அதனால் நம் பெண்களிடம் ஆராய்ச்சி நடக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உதகையில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கூடலூரில் ஆதிவாசி மக்களோடு பல்லாண்டாக வேலை செய்யும் அஸ்வினி மருத்துவமனை இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகரும் பிரஷரும் பார்க்க வீடு தேடி வருகிறார்கள். அந்த வருகையில் ‘உங்களுக்கு எப்போது நின்றது, தானாக நின்றதா, ஆபரேஷனா’ என்ற ஒரு கேள்வியைச் சேர்த்தாலே எவ்வளவோ தெரியவரும். மருந்துச் சோதனைக்கே யாராவது அழைத்தால், இந்தியாவில் 2009 ஜூன் முதல் ஒவ்வொரு சோதனையும் அரசின் பதிவேட்டில் பதிவாக வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். பதிவு எண் கேட்கலாம், சம்மதத் தாளைத் தமிழில் கேட்கலாம், நடுவில் விலகிக்கொள்ளலாம்.

போன மாதம் அக்காவை உதகையில் ஒரு மகப்பேறு மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அந்த டிஸ்சார்ஜ் தாளையும் எடுத்துப் போனோம். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் உண்டா, காலில் ரத்தக்கட்டி வந்ததுண்டா என்று கேட்டார். பிரஷர் பார்த்தார். டி.எஸ்.எச்., மார்பகத்தை எக்ஸ்ரே எடுக்கும் மேமோகிராம், எலும்பு அடர்த்திப் பரிசோதனை எழுதினார். முடிவெல்லாம் வந்த பிறகு, தோலில் தடவும் எஸ்ட்ரோஜன் ஜெல் தொடங்கினார். புரோஜெஸ்டின் சேர்க்கவில்லை. இரண்டு மூன்று வாரத்தில் வித்தியாசம் தெரியும், வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டணும் என்றார். புது சீட்டின் தலைப்பில், அக்கா கேட்டுக்கொண்டதற்காகத் தமிழிலேயே எழுதிக் கொடுத்தார்: ‘38 வயதில் இரண்டு சினைப்பைகளும் எடுக்கப்பட்டவர்.’

பஸ்ஸில் திரும்பும்போது அந்த வரியை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம் மடிக்காமல், பிளாஸ்டிக் கவருக்குள் நேராக வைத்துக்கொண்டார்.